உலகப் பண்பாடும் வகுப்பறையும்: ஒரு திணைப் பார்வை

கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற அடியை முழங்காத மேடை தமிழகத்தில் இல்லை. பள்ளிச் சுவர்களிலும் கல்லூரி மலர்களின் முகப்பிலும் அவ்வடி தவறாமல் இடம்பெறுகிறது. உலகத்தார் அனைவரையும் உறவினராகக் கொண்ட பெருநெஞ்சம் நம் முன்னோருடையது என்று பெருமை கொள்கிறோம். அப்பெருமை தகும். ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. உறவினர் என்று நாம் கூறிக்கொள்ளும் அவர்களின் பெயரையேனும் நாம் சரியாக அறிந்திருக்கிறோமா? நம் மாணவர்க்கு அறிவித்திருக்கிறோமா? இவ்வினாவை எழுப்பியது என் வாழ்வில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பள்ளி ஒன்றில் நடைபெற்ற உலகப் பண்பாட்டு விழாவிற்கு நடுவராகச் சென்றிருந்தேன். சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வகுப்புக்கு ஒரு நாடு என வகுத்துக்கொண்டு மாணவர்கள் கொடிகளும் உடைகளும் உணவுவகைகளுமாய்க் கண்காட்சி அமைத்திருந்தனர். பஞ்சு ஒட்டிய நீண்ட அங்கியணிந்து, தெர்மோகோலால் செய்த வெண்ணிற வீட்டின் முன்னே சிறுவன் ஒருவன் நின்றிருந்தான். வியர்வை அவன் முகத்தில் வழிந்தோடியது. 'நான் எஸ்கிமோ. நான் பனிக்கட்டி வீட்டில் வாழ்கிறேன். பச்சை மீன் உண்கிறேன்' என்று மூன்று தொடர்களை மனப்பாடமாகச் சொன்னான். 'உங்கள் ஊரில் பிள்ளைகள் என்ன விளையாடுவார்கள்?' என்று கேட்டேன். அவன் திகைத்து, 'ஐயா, டீச்சர் இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தார்கள்' என்றான். அவனுடைய உழைப்பைப் பாராட்டி முதற்பரிசுக்கு அவன் பெயரையே எழுதினேன்.

பின்னர் ஒரு நாள் நூலகத்தில் அம்மக்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது நாணம் கொண்டேன். கனடாவிலும் கிரீன்லாந்திலும் வாழும் அம்மக்கள் 'எஸ்கிமோ' என்னும் பெயரை விரும்புவதில்லை. கனடாவில் அவர்கள் தம்மை 'இனுயிட்' என்று வழங்குவர். அச்சொல்லுக்கு 'மக்கள்' என்பதே பொருள். 'இக்லு' என்பது அவர்கள் மொழியில் வீடு என்னும் பொதுப்பெயரேயாகும். மரத்தாற் கட்டிய வீடும் இக்லுதான். இறுகிய பனியை வெட்டியடுக்கிக் கட்டும் வீடு இனுயிட்டு மக்கள் அனைவர்க்கும் எக்காலத்தும் உரியதன்று. கனடாவின் வடபகுதியில் சில குழுவினர் குளிர்காலத்திலும் வேட்டைப் பயணத்திலும் அதனைப் பெரிதும் பயன்படுத்தினர். இன்று அவர்கள் பள்ளியும் அங்காடியும் உள்ள ஊர்களில் வாழ்கின்றனர். 1999 ஏப்ரல் 1-ஆம் நாள் கனடாவில் நூனவுட் என்னும் ஆட்சிப்பகுதி தோன்றிற்று. 'எங்கள் நிலம்' என்பது அப்பெயரின் பொருள். இவற்றுள் ஒன்றையும் அச்சிறுவன் அறிந்திலன். அஃது அவன் குற்றமன்று. அறியாத ஒன்றிற்குப் பரிசளித்த நடுவரின் குற்றமே அது.

அதே விழாவில் 'அரபு நாடு' என்று எழுதிய மேசையில் அட்டையாற் செய்த ஒட்டகமும் வாளும் பேரீச்சம்பழமும் இருந்தன. ஒரு நூலோ எழுதுகோலோ இல்லை. அதனைக் கண்டபோது மட்டும் என் மனம் சற்றே சுருங்கியது. ஏதோ ஓர் அயல்நாட்டுப் பள்ளியில் பாம்பாட்டியையும் யானையையும் நிறுத்தி 'இவர் தமிழர்' என்று எழுதிவைத்தால் நாம் பொறுப்போமா? நம்மைப் பிறர் அவ்வாறு காட்டினால் வலிக்கிறது. பிறரை நாம் அவ்வாறு காட்டும்போது கைதட்டுகிறோம். இந்த முரணே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று.

கருப்பொருளோடு நின்றுவிட்ட கல்வி

பாடநூலைப் படித்து ஒப்பிக்கும் முறையினும், கையாற் செய்தும் கண்டும் கேட்டும் கற்கும் முறை சிறந்தது என்பதில் இன்று கருத்து வேறுபாடில்லை. எனவே உலகப் பண்பாடுகளை ஆக்கச் செயல்களின் வாயிலாகக் கற்பிக்க வேண்டும் என்பதை அனைவரும் ஏற்பர். எத்தகைய செயல்கள் என்பதே வினா. வேடம் புனைதலும் கொடி வரைதலும் பலகாரம் சமைத்தலும் செயல்கள்தாம். ஆயின் அவை ஏன் பயன் தரவில்லை?

இதற்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தொல்காப்பியரே வழிகாட்டுகிறார். ஒரு திணையை அவர் முதல், கரு, உரி என்னும் மூன்றால் அறியச் செய்தார். முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்நிலத்திலும் பொழுதிலும் தோன்றும் உணவு, விலங்கு, மரம், புள், பறை, யாழ், தொழில், தெய்வம் முதலியன. உரிப்பொருள் அங்கு வாழும் மாந்தரின் நெஞ்சில் நிகழும் ஒழுக்கம். புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் அவ்வொழுக்கத்தின் வகைகள். இம்மூன்றனுள் உரிப்பொருளே தலையாயது என்பது இலக்கணம் கற்றார் அறிந்ததே.

நம் பண்பாட்டு விழாக்களில் நிகழ்வது என்ன? உடை, உணவு, இசைக்கருவி, வீடு ஆகிய கருப்பொருள்கள் மட்டும் மேசைமீது பரப்பப்படுகின்றன. அவற்றைத் தோற்றுவித்த நிலமும் பொழுதும் பேசப்படுவதில்லை. அவற்றைக் கையாளும் மாந்தரின் உவகையும் துயரமும் பேசப்படுவதில்லை. வேரும் இல்லை, கனியும் இல்லை, இடையில் ஓர் இலை மட்டும் பறித்துக் காட்டப்படுகிறது. அது வாடிப் போவதில் வியப்பில்லை.

அகப்பாட்டிற்கு வகுத்த இலக்கணத்தை அயல்நாட்டுப் பண்பாட்டிற்குப் பொருத்துவது தகுமோ எனப் புலவர் பெருமக்கள் வினவலாம். இலக்கண வரம்பை விரிப்பது என் நோக்கமன்று. நிலத்திலிருந்து தொடங்கி நெஞ்சில் முடியும் ஒரு பார்வை முறையை மட்டுமே அதனிடமிருந்து கடனாகப் பெறுகிறேன். இனி, இம்முறையில் வகுப்பறைச் செயல்கள் எவ்வாறு அமையலாம் என்பதை மூன்று சான்றுகளால் விளக்க முயல்வேன்.

முதற்பொருள்: ஈர்க்கிற்குள் ஒரு கடல்

பசிபிக் பெருங்கடலின் நடுவே மார்ஷல் தீவுகள் உள்ளன. 29 பவளத்தீவு வட்டங்களும் 5 தனித்தீவுகளும் கொண்ட நாடு அது. நிலம் மிகச் சிறிது, நீரோ எல்லையற்றது. கடல்மட்டத்திற்குச் சற்றே மேலெழும் இத்தீவுகள் சிறிது தொலைவு சென்றாலும் கண்ணுக்குப் புலப்படா. அங்கு வாழ்ந்த மாலுமிகள் ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவிற்கு எவ்வாறு வழி கண்டனர்? அலைகளைப் படித்தே கண்டனர். பெருங்கடலின் நெடிய அலை ஒரு தீவின்மேல் மோதும்போது வளைந்து திரும்பும். தீவின் மறுபக்கத்தில் இரு அலைகள் ஒன்றோடொன்று கலக்கும். அக்கலப்பினைத் தோணியின் அசைவால் உடலிலேயே உணர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத தீவின் திசையை அவர்கள் அறிந்தனர். இவ்வறிவை இளைஞர்க்குக் கற்பிக்கத் தென்னை ஈர்க்குகளை நாரினாற் கட்டி, தீவுகளைக் குறிக்கச் சிறு சிப்பிகளைப் பொருத்தி, ஒருவகைப் படம் செய்தனர். அப்படத்தைக் கரையிலேயே பயின்று மனத்திற் பதித்துக்கொண்டனர். தோணியில் எடுத்துச் செல்வதில்லை.

தென்னை ஈர்க்கு நம் ஊரில் இல்லாத வீடு ஏது? ஈர்க்கும் நூலும் சோழியும் கொண்டு மாணவர்கள் இப்படத்தை ஒரு பாடவேளையிற் செய்துவிடலாம். ஆனால் செய்வதற்கு முன் ஓர் அகன்ற தாம்பாளத்தில் நீர் நிரப்பி, நடுவே ஒரு கல்லை வைத்து, ஒரு பக்கத்திலிருந்து அளவுகோலால் மெல்ல அலை எழுப்பிக் காணச் செய்ய வேண்டும். கல்லைச் சுற்றி அலை வளைவதையும் பின்புறத்தில் கூடுவதையும் அவர்கள் தம் கண்ணாற் காண்பர். அதன் பின்னரே ஈர்க்கை வளைக்க வேண்டும். அவ்வாறு செய்யும்போது வளைந்த ஈர்க்கு வெறும் அழகுக்கோடு அன்று, ஒரு கடலின் இலக்கணம் என்பது தானே விளங்கும். 'இப்படத்தில் ஏன் தொலைவு காட்டப்படவில்லை?', 'இதைச் செய்தவர்க்கன்றிப் பிறர்க்கு இது முழுமையாக விளங்குமா?' என்னும் வினாக்கள் மாணவர்களிடமிருந்தே பிறக்கும்.

நிலத்தைப் பேசத் தொடங்கினால் அந்நிலத்திற்கு நேர்ந்ததையும் பேசாதிருக்க இயலாது. 1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகளை நிகழ்த்தியது. அவற்றுள் 23 பிக்கினித் தீவு வட்டத்தில் நிகழ்ந்தன. அங்கு வாழ்ந்தோர் தம் நிலத்தினின்றும் பெயர்க்கப்பட்டனர். இன்று உயர்ந்துவரும் கடல்மட்டம் அந்நாடு முழுமைக்குமே அச்சுறுத்தலாக உள்ளது. ஈர்க்குப் படம் செய்த மாணவன் இச்செய்தியைக் கேட்கும்போது, அஃது ஏதோ ஒரு தீவின் செய்தியாக அவனுக்குப் படாது. தன் கையாற் கட்டிய சோழியின் செய்தியாகவே படும்.

கருப்பொருள்: கயிற்றில் ஒரு கணக்கு

தென்னமெரிக்காவின் ஆண்டிசு மலைத்தொடரில் இன்கா மக்கள் ஒரு பேரரசை நிறுவினர். 1532-இல் ஸ்பானியர் படையெடுத்து வந்த காலத்தில், மலையும் பாலையும் கடற்கரையும் அடங்கிய பரந்த நிலத்தை அவர்கள் ஆண்டுவந்தனர். ஏட்டில் எழுதும் எழுத்து அவர்களிடம் இல்லை. ஆயினும் மக்கள்தொகை, வரி, களஞ்சிய இருப்பு ஆகியவற்றைத் தவறாது கணக்கிட்டனர். அதற்கு உதவியது 'கிப்பு' என்னும் முடிச்சுக் கயிறு. ஒரு தலைக்கயிற்றிலிருந்து பல கிளைக்கயிறுகள் தொங்கும். அவற்றில் இடப்படும் முடிச்சுகள் எண்களைக் குறிக்கும். அவை பதின்மான இடமதிப்பு முறையில் அமைந்தவை என்பதை லீலண்ட் லாக் என்னும் அறிஞர் 1912-இல் விளக்கிக் காட்டினார். எண்களேயன்றிச் சொற்களையும் வரலாற்றையும் அக்கயிறுகள் குறித்தனவா என்பது இன்றும் ஆய்விலுள்ளது.

இதனை வகுப்பறையில் செய்து பார்ப்பது எளிது. ஆளுக்கு ஒரு முழம் சணற்கயிறு போதும். 243 என்னும் எண்ணைக் குறிக்கக் கயிற்றின் மேற்பகுதியில் இரண்டு ஒற்றை முடிச்சுகளும், சற்றுக் கீழே நான்கு ஒற்றை முடிச்சுகளும், அடியில் மூன்று சுற்றுடைய ஒரு நெடுமுடிச்சும் இட வேண்டும். ஒன்றாம் இடத்திற்கு மட்டும் நெடுமுடிச்சு. எண் எங்கே முடிகிறது என்பதை அது காட்டும். ஒன்றாம் இடத்தில் 'ஒன்று' வந்தால் என் செய்வது? ஒரே சுற்றுடைய நெடுமுடிச்சு இட முயன்றால் அது சாதாரண முடிச்சாகவே ஆகிவிடும். இச்சிக்கலை மாணவன் தன் விரலாலேயே கண்டறிவான். இன்காக் கணக்கர் இதற்கென எட்டு வடிவில் அமைந்த தனி முடிச்சை வைத்திருந்தனர் என்று அப்போது ஆசிரியர் சொன்னால், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு கணக்கரின் அறிவோடு அம்மாணவன் கைகுலுக்குகிறான் எனலாம்.

பிறகு 304 என்னும் எண்ணைக் கொடுக்கலாம். பத்தின் இடத்தில் என்ன இடுவது? ஒன்றும் இடாது வெற்றிடமாக விடுவதே அவர்கள் முறை. நம் பழந்தமிழ் முறையில் இதே எண்ணை மூன்று, நூறு, நான்கு என்னும் மூன்று குறிகளால் '௩௱௪' என்று எழுதினர். அங்கே சுழிக்குத் தேவையே எழவில்லை. ஒரே எண், இரு நாகரிகங்கள், இரு வழிகள். இவற்றுள் எது உயர்ந்தது என்னும் வினாவே பொருளற்றது என்பதை மாணவர் தாமே உணர்வர். எழுத்தறியாதார் அறிவற்றார் என்று நம் உள்ளத்தில் படிந்துள்ள எண்ணம் அக்கணத்தில் உடையும். கிப்பின் படத்தைச் சுவரில் ஒட்டிப் பெயர் எழுதுவதால் இவ்வுடைவு நிகழாது.

உரிப்பொருள்: கீரியின் பயணம்

மூன்றாவது செயல் தமிழ் வகுப்பிற்கே உரியது. பஞ்சதந்திரத்தில் வரும் கீரிப்பிள்ளைக் கதையை அறியாதார் இலர். குழந்தைக்குக் காவலாய் இருந்த கீரி, அதனைத் தீண்டவந்த பாம்பைக் கொன்று, குருதி படிந்த வாயோடு வாயிலில் வந்து நிற்கிறது. தாய் தவறாக எண்ணி அதனைக் கொன்றுவிடுகிறாள். உள்ளே சென்றால் குழந்தை நலமாக இருக்கிறது.

மாணவரைச் சில குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிற்கும் பாலை, மலைக்காடு, குளிர்நாட்டுப் புல்வெளி, துறைமுகம் என ஒரு நிலத்தைத் தர வேண்டும். 'இக்கதை உங்கள் நிலத்தில் நிகழ்ந்திருந்தால் எவ்வாறு நிகழும்? காவலாய் நின்றது எவ்விலங்கு? பகையாய் வந்தது எது? வீடு எத்தகையது? அத்தாயோ தந்தையோ எங்கே சென்றிருந்தனர்?' என்று வினவி எழுதச் செய்ய வேண்டும். ஒவ்வொரு குழுவும் தன் கதையைப் படித்துக் காட்டிய பின்னர், இக்கதை உண்மையிலேயே உலகில் சுற்றிவந்த வரலாற்றை ஆசிரியர் கூறலாம்.

ஆறாம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசர் நௌஷேர்வானின் காலத்தில் புர்ஸோய் என்னும் மருத்துவர் பஞ்சதந்திரக் கதைகளைப் பஹ்லவி மொழியில் பெயர்த்தார். எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அதனை 'கலீலா-திம்னா' என்னும் பெயரில் அரபு மொழிக்குக் கொணர்ந்தார். அரபு உரைநடை இலக்கியத்தின் தொடக்கச் செல்வங்களுள் ஒன்றாக அந்நூல் போற்றப்படுகிறது. அங்கிருந்து எபிரேயம், இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளிலும் அக்கதைகள் பரவின. அரபு நூலில் கீரியின் இடத்தை மரநாயினத்தைச் சேர்ந்த ஒரு சிறு விலங்கு பெற்றது. ஐரோப்பாவில் அவ்விடத்தை வேட்டைநாய் பெற்றது. வேல்ஸ் நாட்டில் வழங்கும் கதையில் பாம்பும் மறைந்து ஓநாய் வந்துவிட்டது. லுவெலின் என்னும் இளவரசனின் கெலெர்ட் என்ற நாய் குழந்தையைக் காத்து, தலைவன் வாளாலேயே மாண்டது என்பது அக்கதை. பெத்கெலெர்ட் என்னும் ஊரில் அந்நாயின் கல்லறை என ஓரிடத்தை இன்றும் காட்டுகின்றனர்.

கருப்பொருள் நிலத்திற்கு நிலம் மாறிற்று. ஆராயாது செய்துவிட்டு இரங்கும் நெஞ்சம் மட்டும் மாறவில்லை. உரிப்பொருள் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கத்தை எந்த உரையாசிரியர் தர இயலும்?

இக்கதை நம் சிலப்பதிகாரத்திலும் உள்ளது. அடைக்கலக் காதையில் கோவலனின் அறச்செயல்களை எடுத்துரைக்கும் மாடலன், கீரியைக் கொன்ற பழியால் கணவனாற் கைவிடப்பட்டு, வடமொழி எழுதிய ஏட்டைக் கையிலேந்தி வணிகர் வீதியில் அலைந்த ஒருத்தியின் துயரைக் கோவலன் துடைத்த செய்தியைக் கூறுகிறான். பிற நாட்டுக் கதைகள் இரங்கலோடு முடிகின்றன. இளங்கோவடிகளின் காப்பியத்திலோ அவ்விரக்கத்தைத் தன்னுடையதாகக் கொள்ளும் மற்றொருவன் தோன்றுகிறான். பண்பாட்டுக் கல்வியின் பயனும் இதுவேயன்றோ! முன்பின் அறியாத ஒருத்தியின் துயரைக் கேட்டு நின்ற கோவலனைப் போல, அயலார் துயரைக் கேட்டு நிற்கும் மாணவனை உருவாக்குவதே அதன் நோக்கம்.

பொம்மைகள் கற்பிக்கும் பாடம்

இத்தகைய செயல்களால் உலகில் அமைதி விளைந்துவிடுமா என்று ஐயுறுவோர் உண்டு. அவ்வையம் நேர்மையானது. அதற்கு விடையாக வரலாற்றில் நிகழ்ந்த ஒன்றை மறைக்காது கூறுதல் வேண்டும்.

1924-இல் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம் ஜப்பானியர் அந்நாட்டில் குடியேறுவதைத் தடுத்தது. இரு நாடுகளுக்குமிடையே கசப்பு வளர்ந்தது. ஜப்பானில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பிய சிட்னி கூலிக் என்பவர், குழந்தைகளிடையேனும் நட்பை விதைக்க எண்ணினார். அவர் முயற்சியால் அமெரிக்கச் சிறுவர் சிறுமியர் 12,000-க்கும் மேற்பட்ட பொம்மைகளைக் கடிதங்களோடு ஜப்பானியப் பள்ளிகளுக்கு அனுப்பினர். 1927 மார்ச் 3-ஆம் நாள் ஜப்பானில் கொண்டாடப்பட்ட பொம்மைத் திருநாளையொட்டி அவை வரவேற்கப்பட்டன. ஜப்பானியக் குழந்தைகளின் சிறு காசுகளைத் திரட்டிச் செய்த 58 அழகிய பொம்மைகள் அதே ஆண்டில் மறுமொழியாக அமெரிக்கா சென்றன. வகுப்பறையில் நிகழ்ந்த பண்பாட்டுப் பரிமாற்றத்துள் இத்துணைப் பெரியது அரிது.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1941 டிசம்பரில் இரு நாடுகளும் போரில் மோதின. பொம்மையை ஏந்தி மகிழ்ந்த பத்து வயதுக் குழந்தை அப்போது இருபத்து நான்கு வயதை எய்தியிருக்கும். போர்க்காலத்தில் ஜப்பானிலிருந்த அப்பொம்மைகள் பகைநாட்டுப் பொம்மைகள் எனப்பட்டன. பெரும்பாலானவை எரிக்கப்பட்டும் சிதைக்கப்பட்டும் அழிந்தன. எனினும் சில ஆசிரியர்கள் தமக்கு நேரக்கூடிய இடரையும் பொருட்படுத்தாது அவற்றை மறைத்துவைத்தனர். அவ்வாறு பிழைத்த ஏறத்தாழ 300 பொம்மைகள் பின்னாளில் கண்டெடுக்கப்பட்டன.

இதிலிருந்து நாம் கற்பன இரண்டு. முதலாவது: பொம்மைகள் போரைத் தடுக்கவில்லை. கசப்பின் காரணமாகிய சட்டத்தைப் பற்றி அவை ஒன்றும் பேசவில்லை. அச்சட்டத்தின் தடை 1952 வரை நீங்கவுமில்லை. பூசலை மூடி மறைத்து அழகை மட்டும் பரிமாறிக்கொள்ளும் கல்வி, பூசல் வரும்போது துணைநிற்காது. எனவேதான் மார்ஷல் தீவின் ஈர்க்குப் படத்தோடு அணுகுண்டையும் பேச வேண்டும் என்றேன். இரண்டாவது: அனைவர்க்கும் அது கொடியாகத் தோன்றிய நாளில், சிலர்க்கு மட்டும் அது குழந்தையாகவே தோன்றியது. மறைத்துவைத்த அவ்வாசிரியர்கள் அப்பொம்மையில் உரிப்பொருளைக் கண்டவர்கள். ஆயிரம் பேருக்குக் கற்பித்து, அவருள் ஒருவர் அவ்வாறு நின்றாலும் நம் உழைப்பு வீணன்று.

தடைகளும் விடைகளும்

பாடத்திட்டத்தில் இதற்கு இடமேது, தேர்வு நெருங்கும்போது நேரமேது என ஆசிரியர்கள் கூறுவது இயல்பே. ஆனால் திணையும் சிலம்பும் நம் பாடத்திட்டத்திலேயே உள்ளன. திங்களுக்கு ஒரு பாடவேளை ஒதுக்கினாலும் ஓராண்டில் பத்துச் செயல்கள் நிகழ்த்தலாம். ஈர்க்கும் கயிறும் கதையும் செலவு வைப்பனவல்ல. வாடகை உடைக்கு ஆகும் தொகையில் நூலகத்திற்கு இரண்டு நூல்கள் வாங்கிவிடலாம்.

கவனத்தில் கொள்ள வேண்டியவையும் சில உள. பிற சமயத்தாரின் வழிபாட்டை நடித்துக் காட்டும் விளையாட்டாக ஆக்குதல் கூடாது. நம் வழிபாட்டைப் பிறர் அவ்வாறு செய்தால் நாம் எங்ஙனம் வருந்துவோமோ, அங்ஙனமே அவரும் வருந்துவர். அதனைக் கேட்டும் படித்தும் அறிவதே முறை. 'அம்மக்கள் இவ்வாறு வாழ்கின்றனர்' என்று கூறுமுன் அஃது இன்றைய வாழ்வா, முன்னோர் வாழ்வா என்று தெளிவுபடுத்த வேண்டும். ஆசிரியர் தாம் அறியாததை அறியேன் என்று சொல்ல நாணுதல் ஆகாது. அறியேன் என்னும் சொல்லே மாணவனை நூலகத்திற்கு அனுப்பும் சிறந்த ஆணையாகும்.

மற்றொன்றும் உண்டு. பெரு நாட்டின் முடிச்சை அறிந்த மாணவன், தன் இருக்கையில் உடன் அமர்ந்திருப்பவன் வீட்டுத் திருநாளை அறியாதிருக்கலாம். கடல் கடந்த அயலானை நேசிப்பது எளிது. அவன் நம் தெருவிற்கு வருவதில்லை. பக்கத்து வீட்டானை அறிவதே கடினம். ஆதலின் இம்முறையின் முதற்செயல் நம் வகுப்பிலேயே தொடங்குவது நன்று. மீனவர் குடும்பத்து மாணவன் கடலின் பொழுதைச் சொல்லட்டும். உழவர் வீட்டுப் பெண் நாற்றங்காலின் பொழுதைச் சொல்லட்டும். தறியோசையில் வளர்ந்தவன் பாவோடும் தெருவைச் சொல்லட்டும். தன் உடன்மாணவன் பேசும்போது கேட்கப் பழகியவனே, தொலைநாட்டான் பேசும்போதும் கேட்பான்.

முடிவுரை

உலகப் பண்பாடுகளை ஆக்கச் செயல்களின் வாயிலாகக் கற்பித்தல் காலத்தின் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்செயல் கருப்பொருளைக் காட்சிக்கு வைப்பதோடு நின்றுவிடாது, நிலத்தில் தொடங்கி நெஞ்சில் முடிதல் வேண்டும். அழகோடு துயரையும், நட்போடு பூசலையும் நேர்மையாகப் பேசுதல் வேண்டும். பிறர் நம்மை எவ்வாறு அறிய வேண்டும் என விழைகிறோமோ, அவ்வாறே நாம் பிறரை அறிதல் வேண்டும்.

அப்பள்ளியிலிருந்து எனக்கு மீண்டும் அழைப்பு வரின் மறுக்க மாட்டேன். ஆனால் இம்முறை மதிப்பெண் தாளில் உடைக்கும் அலங்காரத்திற்கும் இடமிராது. மூன்று வினாக்கள் மட்டுமே இருக்கும். இம்மக்களின் நிலமும் பொழுதும் எத்தகையன? அவற்றிற்கேற்ப அவர்கள் எதனை உருவாக்கினர்? எதற்கு மகிழ்கின்றனர், எதற்கு வருந்துகின்றனர்? இவற்றிற்கு விடைகூறும் மாணவன் சாதாரணச் சீருடையில் நின்றாலும் முதற்பரிசு அவனுக்கே. அன்று வெயிலில் வியர்த்து நின்ற அச்சிறுவனை மீண்டும் காண நேர்ந்தால், நான் அவனிடம் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: 'தம்பி, அம்மக்களின் பெயர் இனுயிட். எனக்கும் அன்று தெரியாது. வா, சேர்ந்து படிப்போம்.'